நெட் ஸ்லோ என்று சொல்வதற்கு முன்



ஜவ்வாது மலைப் பள்ளிகளின் கணினி ஆய்வகம் பற்றிப் பேச்செடுத்தாலே "நெட் ஸ்லோ சார்" என்கிறார்கள். மலையில் இணைப்பு மெதுவாக இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோளாறு அறைக்குள்ளேயும் இருக்கலாம். மூலையில் விளக்கு மினுக்கும் ஸ்விட்சை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆசிரியர் தன் கணினியிலிருந்து 4 எம்பிபிஎஸ் பாட வீடியோவை 20 கணினிகளுக்குத் தனித்தனியாக அனுப்பினால் 80 எம்பிபிஎஸ் ஆகிவிடும். மல்டிகாஸ்ட் முறையில் ஒரே பிரதி போதும், ஸ்விட்ச் பிரித்துக் கொடுத்துவிடும். இதற்கான விதிகளை ஸ்டீவ் டீரிங் 1989-லேயே எழுதிவிட்டார்.

ஆனால் ஒன்பதாம் வகுப்புச் சுற்றறிக்கையை எல்லா வகுப்பிலும் போய் வாசித்தால் என்ன ஆகும்? சாதாரண ஸ்விட்ச் அதைத்தான் செய்கிறது. கேட்காத கணினிக்கும், பிரிண்டருக்கும், வைஃபை பெட்டிக்கும் அனுப்புகிறது. வயரில் வருபவை தாங்கிக்கொள்ளும். வைஃபை திணறிவிடும்.

இதற்கு மருந்து ஐஜிஎம்பி ஸ்னூப்பிங். "எனக்கு வேண்டும்" என்று கை தூக்கும் கணினியைக் கவனித்து, அதற்கு மட்டும் ஸ்விட்ச் அனுப்பும். ஆனால் "இன்னும் வேண்டுமா?" என்று இடையிடையே கேட்கவும் ஆள் வேண்டும். அதற்குப் பெயர் குவெரியர். வழக்கமாக 125 விநாடிக்கு ஒருமுறை கேட்கும். பெரிய நெட்வொர்க்கில் இது ரவுட்டரின் வேலை. சிறிய ஆய்வகத்தில் ஸ்விட்சிலேயே இயக்கிவிட வேண்டும். மறந்தால் நாலைந்து நிமிடத்தில் வீடியோ நின்றுவிடும். பழி நெட் மேல் விழும்.

பள்ளிக்கு நன்கொடை தருபவர்கள் எத்தனை கணினி என்றே எண்ணுகிறார்கள். இந்த வசதிகள் உள்ள மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். "மலைப் பள்ளிக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்காதீர்கள். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் மலை இது. தண்ணீர் குறைவான ஊரில்தான் வாய்க்காலை ஒழுங்காக வெட்ட வேண்டும்.

சென்னையிலும் பெங்களூருவிலும் நெட்வொர்க் வேலை பார்க்கும் பிள்ளைகளே, பொங்கலுக்கு வரும்போது தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஸ்னூப்பிங், குவெரியர் இரண்டையும் சரிபாருங்கள். செய்ததைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ஸ்விட்ச் பக்கத்திலேயே ஒட்டுங்கள். அடுத்து வரும் ஆசிரியருக்கு அது உதவும்.