மேய்க்காலுக்கு யாரிடம் சம்மதம் கேட்பது?

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்திலுள்ள தேர்வாய்கண்டிகையில் சுமார் 1,127 ஏக்கர் மேய்க்கால் நிலம் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போனது. அங்கே டயர் ஆலை அமைக்க 2009 நவம்பரில் பிரெஞ்சு நிறுவனமான மிச்செலின் தமிழக அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. அறிவிக்கப்பட்ட முதலீடு 4,000 கோடி ரூபாய். ஒப்பந்தத்துக்கு இரண்டே தரப்பு: அரசும் நிறுவனமும். அந்த நிலத்தில் ஆடுமாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வந்த ஊரில் பெரும்பாலோர் தலித்துகள். எதிர்த்துப் போராடிய அவர்களின் புகார் 2012இல் பிரான்சிலுள்ள ஓஇசிடி (பொருளாதாரக் கூட்டுறவு, வளர்ச்சி அமைப்பு) தொடர்பு மையம்வரை போனது. உள்ளூரில் கேட்க ஆளில்லாத குறையைச் சொல்ல பாரிஸுக்குப் போகவேண்டியிருந்தது.

காரணம் வருவாய்க் கணக்கில் இருக்கிறது. பட்டா நிலத்துக்கு உரிமையாளர் உண்டு. தனியார் நிறுவனத்துக்காக அதை எடுத்தால் 80 விழுக்காடு குடும்பங்களின் சம்மதம் வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். தொழில் நோக்கத்துக்கான 1997ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டத்தின் வழியே எடுத்தால் அந்த நிபந்தனையும் பொருந்தாது; இழப்பீடு மட்டும் மிஞ்சும். மேய்க்கால் புறம்போக்குக்கு அதுவும் கிடையாது. ஊர் தலைமுறையாக அனுபவித்தாலும் கணக்கில் அது அரசு நிலம். ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு நில மாற்றம் செய்ய ஓர் ஆணை போதும்.

சுற்றுச்சூழல் விதிகளாவது ஊரின் குரலைக் கேட்குமா என்றால், 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இரண்டு வாசல்கள் திறந்திருந்தன. அட்டவணையிலுள்ள ஆலைகள் இடம்பெறாத, 500 ஹெக்டேருக்குக் குறைந்த தொழிற்பேட்டைக்கு முன் அனுமதி தேவையில்லை. 1,127 ஏக்கர் என்பது ஏறத்தாழ 456 ஹெக்டேர். அங்கீகரிக்கப்பட்ட தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைக்குத் தனியாகக் கருத்துக் கேட்புக் கூட்டமும் வேண்டாம். வேலிக்குள் போனபின் கேள்வி கேட்க வழியில்லை.

பழங்குடிகளின் நிலை இதைவிட மெலிந்தது. கும்மிடிப்பூண்டி முதல் ஆர்.கே.பேட்டை வரை இம்மாவட்டத்தில் பரவி வாழும் இருளர், குறிப்பாக நலிந்த பழங்குடிகள் பட்டியலில் உள்ளவர்கள். ஆனால் தமிழகத்தில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆகவே அத்தகைய பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டு பெசா சட்டமும், அங்கே நிலத்தைத் தனியார் சுரங்கத்துக்குக் குத்தகை விடுவதைத் தடுத்த 1997ஆம் ஆண்டு சமதா தீர்ப்பும் தரும் காப்பு இங்கே எட்டாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டு நிலத்துக்கானது. ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் குடிசை போட்டவருக்கு அதனால் என்ன பயன்? காட்டோரத்தில் இருந்தவர்களுக்கும் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008 இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரம் தருவது 2016 வரை முடங்கிக் கிடந்தது.

சட்டம் இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசாவின் நியமகிரி சாட்சி. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பாக்சைட் சுரங்கத்தைப் பற்றிக் கிராம சபைகளிடம் கேட்கச் சொன்னது. பன்னிரண்டு சபைகளும் மறுத்தன. இன்னொரு சாட்சி கனடா. அங்கே கியூபெக் மாகாண அரசு 1971இல் தன் வடக்குப் பகுதியில் வாழும் கிரீ, இனூயிட் மக்களைக் கேளாமலே ஜேம்ஸ் பே நீர்மின் திட்டத்தை அறிவித்தது. 1973 நவம்பரில் கிடைத்த தடையாணை ஒரே வாரத்தில் மேல்முறையீட்டில் நிறுத்தப்பட்டாலும், அரசு பேசவேண்டியதாயிற்று. 1975 ஜேம்ஸ் பே ஒப்பந்தத்தில் அம்மக்களும் கையெழுத்திட்ட தரப்பு. அணை கட்டுவது நிற்கவில்லை; ஆனால் இழப்பீடும், வேட்டை உரிமையும், சுற்றுச்சூழல் ஆய்வுக் குழுக்களில் இடமும் கிடைத்தன. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனாலும் தேர்வாய்கண்டிகைக்கு அந்த அளவுகூட வாய்க்கவில்லை.

ஊர்ப் பொதுநிலத்தைக் காக்கும்படி 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அது பெரும்பாலும் ஆக்கிரமிப்பு அகற்றவே பயன்படுகிறது. ஏரிக்கரைக் குடிசைகளும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. அந்த உத்தரவின் நோக்கத்துக்கு மாறாக, 100 ஹெக்டேருக்குக் குறையாத, நீர்நிலைகளை உள்ளடக்கிய திட்டங்களுக்காகத் தமிழகம் 2023இல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் இயற்றியது.

மேய்க்காலை வகை மாற்றுமுன் கிராம சபைத் தீர்மானம் கட்டாயம் என்று அரசு விதி செய்யவேண்டும். கேட்க வாய்ப்புக்குக் குறைவில்லை: தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது.