காதலும் அறிவியலும் கூடும் கதைகள்

காதல் கதைகளைப் படித்தால் இளையோர் நெறி தவறுவர் என்று அஞ்சுவோர் உளர். அறிவியல் புனைகதையைப் பொருளற்ற கற்பனை என்று ஒதுக்குவோரும் உளர். இரண்டும் கலந்து வரும் இளையோர் கதைகளை இவ்விரு திறத்தாரும் ஏற்பதில்லை. எனினும் 16, 17 வயதினர் விரும்பித் தேடும் நூல்களுள் இவையும் அடங்கும். இவற்றைத் தடுப்பதைவிட, இவற்றுள் நல்லனவற்றை இனங்காணக் கற்பதே தக்கது என்பது என் கருத்து.

அறிவியல் புனைகதையின் முன்னோடிப் படைப்பே ஓர் இளம்பெண்ணின் ஆக்கம்தான். ஆங்கில எழுத்தாளர் மேரி ஷெல்லி, 'பிராங்கன்ஸ்டைன்' புதினத்தை 1816இல் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. அது 1818இல் நூலாக வெளிவந்தது. அதில் அறிவியலாளன் உருவாக்கிய உயிர், அவனிடம் செல்வத்தையோ புகழையோ கேட்கவில்லை. தனக்கொரு துணை வேண்டும் என்றே இறைஞ்சுகிறது. படைத்தவனுக்குத் தன் படைப்பின்மீது கடமை உண்டா என்னும் பெருவினாவை அந்தத் தனிமை ஏக்கமே நமக்கு உணர்த்துகிறது.

தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அக்கதையின் எதிர்கால நாட்டில் மக்களின் பெயர் இரண்டெழுத்தைத் தாண்டக்கூடாது; குழந்தை பெறுவதற்கும் அரசின் இசைவு வேண்டும். அந்நாட்டில் காணாமற்போன தன் கணவன் சிபியைத் தேடுகிறாள் நிலா. அவளுக்குத் துணையாவது ஜீனோ என்னும் இயந்திர நாய். அவர்கள் மணமானவர்கள், பள்ளிப் பருவத்தினர் அல்லர். எனினும் இவ்வகைக் கதைக்குரிய இலக்கணம் இதில் தெளிவாக உள்ளது. அனைத்தையும் கண்காணிக்கும் அறிவியலை நீக்கினால் சிபி மறைய வழியில்லை. அன்பை நீக்கினால் நிலா தேடக் காரணமில்லை.

இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டாலும் குலையாமல் நிற்கும் கதையில் மற்றொன்று வெறும் ஒப்பனையே. இன்னொன்றும் நோக்கத்தக்கது. மறுத்த பெண்ணின் மனத்தைக் கருவியால் மாற்றுவதையும், அவளறியாமல் அவளைப் பின்தொடர்வதையும் காதல் என்று போற்றும் கதை, எத்துணை விறுவிறுப்பாக இருப்பினும் ஏற்கத்தக்கதன்று. திறன்பேசியைக் கையில் வைத்திருக்கும் தலைமுறைக்கு இது வெறும் கற்பனைச் சிக்கல் அன்று.

இத்தகைய கதைகளுக்குப் பெருநகரமோ வேற்றுக்கோளோதான் களமாக வேண்டும் என்பதில்லை. கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் என்னும் சிற்றூர், கு.அழகிரிசாமி, கி.ராஜநாராயணன் ஆகிய இரு பெரும் எழுத்தாளர்களைத் தந்தது. இருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். கரிசல் மக்களின் வாழ்வே இலக்கியத்திற்குப் போதுமானது என்று காட்டியவர்கள். இன்று அக்கரிசலில் கயத்தாற்றுப் பகுதியின் காற்றாலைகள் சுழல்கின்றன. அதே தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் அமைக்க 2024இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

மானாவாரி நிலத்தில் மழை பொய்த்தால், வீட்டில் முதலில் நிற்பது பல நேரங்களில் மகளின் படிப்பே. அடுத்த மூன்றாண்டும் மழை இராது என்று முன்கூட்டியே துல்லியமாகக் கணிக்கும் கருவி ஒன்று அவ்வூருக்கு வருவதாகக் கொள்வோம். உடனே அவளுக்கு வேறிடத்தில் மணம் பேசுவர். அவள் மேற்படிப்பைத் தேர்வாளா, தான் விரும்பியவனையா? அவன் அவளுக்காகக் காத்திருப்பானா? அந்தக் கணிப்பை ஊருக்குச் சொல்வதா, மறைப்பதா? இவ்வினாக்களில் அறிவியலும் உண்டு; அன்பும் உண்டு; ஒரு பெண்ணின் வாழ்வை முடிவு செய்பவர் யார் என்னும் அறமும் உண்டு. இக்கதையை எழுதுவதற்கு, இம்மண்ணையும் இவ்வயதையும் நன்கறிந்த உங்களைவிடத் தகுதியானவர் யார்?