தாய் மரணத்துக்குக் கேட்கும் கேள்வியை எல்லா மரணத்துக்கும் கேளுங்கள்

தமிழ்நாட்டில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் விஷயம் அன்றோடு முடிவதில்லை. 24 மணி நேரத்துக்குள் தகவல் மேலே போகிறது. கேஸ் ஷீட் ஆராயப்படுகிறது, வீட்டாரிடம் விசாரிக்கிறார்கள். வலி கண்டது எப்போது, 108 ஆம்புலன்ஸ் வந்தது எப்போது, ரத்தம் ஏற்றியது எப்போது என்று மாவட்ட ஆட்சியரின் கூட்டம் வரை கேள்வி எழுகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் இருந்து இரவிலும் பிரசவம் பார்ப்பதற்கும், சீமாங்க் எனப்படும் அவசர மகப்பேறு மையங்களில் எந்நேரமும் அறுவை சிகிச்சை கிடைப்பதற்கும் இந்தக் கேள்விகளுக்குப் பெரும் பங்குண்டு. 2018–20இல் லட்சம் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தபோது, இங்கே 54.

மாரடைப்பில் இறப்பவருக்கு இந்தக் கவனிப்பு இல்லை. தாலுகா மருத்துவமனையில் ஊசி போட்டு, ‘மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது’ என்று சீட்டு எழுதுகிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இன்னொரு சீட்டு. மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்கையில் உயிர் இருப்பதில்லை. மூன்று இடத்திலும் மூன்று துண்டுக் காகிதம். அவற்றைச் சேர்த்துவைத்துப் படிக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. இழந்த நேரம் எங்கே போனது என்று எப்படித் தெரியும்?

மருத்துவமனைகளின் தரத்தை அளக்க ஏற்கெனவே இருக்கும் தேசியத் தரச் சான்றிதழும், 2015இல் தொடங்கிய காயகல்ப் தூய்மை விருதும் வேண்டியவைதாம். கழிப்பறைகள் மாறியிருக்கின்றன, மருந்துக் கிடங்கு ஒழுங்காகியிருக்கிறது. ஆனால் ஆய்வுக் குழு வரும் தேதி முன்பே தெரியும். நள்ளிரவு இரண்டு மணிக்கு, தரையிலும் நோயாளிகள் பாய் விரித்துப் படுத்திருக்கும் வார்டில் ஒரேயொரு செவிலியர் ஓடிக்கொண்டிருப்பதை அந்தக் குழு பார்ப்பதில்லை.

தாய் மரண ஆய்வுகளே மிரட்டும் கூட்டங்களாகிவிட்டன என்று அரசு மருத்துவர்கள் முறையிடுகிறார்கள். அந்த முறையீட்டில் நியாயம் இருக்கிறது. 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் பணியிலேயே கத்தியால் குத்தப்பட்டார். அந்த அச்சத்தோடு வேலை செய்பவரை மேலதிகாரியும் அதட்டினால், அடுத்த முறை கேஸ் ஷீட்டில் உண்மையான நேரம் இருக்காது. ஆகவே ஆய்வு வேறு, ஒழுங்கு நடவடிக்கை வேறு என்று அரசாணையிலேயே எழுத வேண்டும். சிகிச்சை பற்றிய கேள்வியை அந்தந்தத் துறை மருத்துவரே கேட்கட்டும்.

மாரடைப்பு, சாலை விபத்து, அறுவைக்குப் பிந்தைய தொற்று ஆகிய மூன்றிலும் அரசு இந்த ஆய்வு முறையை உடனே தொடங்க வேண்டும். பெயர்களை நீக்கி, மாவட்டவாரியாக ஆண்டுதோறும் முடிவுகளைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். ஆள் இல்லாததால் உயிர் போனதாகத் தெரியவரும் வார்டுகளில்தான் செவிலியர் காலியிடங்களை முதலில் நிரப்ப வேண்டும். ஒப்பந்தத்தில் அல்ல, நிரந்தரப் பணியில்.