கானன்பால் செய்த குற்றம் என்ன?

கானன்பால் ஆடர்லி சந்தைக்காகத் தம் கலையை மலினப்படுத்திக்கொண்டார் என்று ஜாஸ் தூய்மைவாதிகள் அரை நூற்றாண்டாகச் சொல்லிவருகிறார்கள். 1959-இல் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் கோல்ட்ரேனுக்கு இணையாக ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தவர், 1966-இல் 'மெர்ஸி, மெர்ஸி, மெர்ஸி'க்கு இறங்கிவிட்டாராம்!

அதை இன்னொரு முறை கேளுங்கள். வியன்னாவில் பிறந்த ஜோ ஸாவினுல், மின்பியானோவில் கறுப்பினத் தேவாலயப் பாடலின் சாயலில் தொடங்குகிறார். கானன்பாலும் தம்பி நாட்டும் சேர்ந்து மெட்டை மட்டும் ஊதுகிறார்கள். தனிவாசிப்பு ஸாவினுலுக்கே. மின்னல் வேக விரல்களை உடையவர் தம் பெயரில் வரும் இசைத்தட்டில் இப்படி ஒதுங்கி நிற்பதா மலினம்?

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். சிகாகோ விடுதியொன்றில் பதிவானது என்று உறையில் அச்சிட்டார்கள். உண்மையில் ஹாலிவுட்டின் கேப்பிடல் ஒலிப்பதிவுக்கூடத்தில், அழைக்கப்பட்ட விருந்தினர்களுக்கு மதுவும் கொடுத்துப் பதிவுசெய்தது. நம் தூய்மைவாதிகளுக்கு இந்தப் பொய் உறுத்தவில்லை. 1967-இல் பில்போர்டு பட்டியலில் அது 11-ஆம் இடம் பிடித்ததுதான் உறுத்துகிறது.

இதே ஸாவினுலை 1969-இல் 'இன் எ சைலண்ட் வே'க்கு மைல்ஸ் அழைத்துக்கொண்டபோது அதற்குப் புரட்சி என்று பெயர். மின்பியானோ மைல்ஸிடம் தத்துவம், கானன்பாலிடம் வியாபாரம். என்ன நியாயம் இது?

கானன்பால் ஃபுளோரிடாவில் பள்ளி இசையாசிரியராக இருந்தவர். மேடையில் ஒவ்வொரு பாடலுக்கு முன்பும் சபையோடு பேசுவார். வகுப்பறையில் காலம் தள்ளும் எனக்கு அந்தப் பேச்சு அந்நியமாகப் படவில்லை. விமர்சகர்களுக்கு அதுவும் மலிவாகவே பட்டிருக்கிறது.