வலி காதுல... வம்பு கழுத்துல!

காது வலிக்குதுன்னு யாராவது வாயைத் திறந்தா போதும், வீரசோழன்ல இருந்து அருப்புக்கோட்டை வரைக்கும் வைத்தியம் ஒண்ணுதான். பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெய் ரெண்டு சொட்டு! கேக்கலையா, மருந்துக்கடையில சொட்டு மருந்து. காதுக்குள்ள வெளிச்சம் அடிச்சுப் பார்த்தாங்களா? அதெல்லாம் கிடையாது. ஜவ்வுல ஓட்டை இருந்தா அந்த எண்ணெய் நடுக்காதுக்குள்ள போயிடுமேங்கிற கவலையும் கிடையாது.

இதுல பெரிய கூத்து என்னன்னா, பல நேரம் காதுல ஒரு கோளாறும் இருக்காது. (சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காதேதான். பெரியவங்க கதை வேற.)

காது மடலுக்கும் காதுக்குப் பின்பக்கத் தோலுக்கும் உணர்ச்சி நரம்பு எங்கிருந்து வருது? 2, 3-வது கழுத்து நரம்புகள்ல இருந்து. கழுத்தோட மேல்பகுதியில தேய்மானமோ தசை இறுக்கமோ வந்தா, மூளை அதைக் காது வலின்னு படிச்சிடும். பி.காம். முதல் வருஷத்துல சொல்லித்தர்ற பிழைதான் இது. ராமசாமி கணக்குல எழுத வேண்டிய தொகையை முனுசாமி கணக்குல எழுதிட்டாலும் இருப்பாய்வு டாலி ஆயிடும். தப்பு வெளியே தெரியாது!

இந்த வறண்ட பூமியில கழுத்து பேருல எழுத வேண்டிய பற்று கொஞ்சமா? ஒரு பிளாஸ்டிக் குடம் தண்ணி சுமார் 15 கிலோ. கருவேல விறகுக் கட்டு தனி. அதையெல்லாம் வருஷக்கணக்கா சுமந்த பொம்பளை, காதுக்குப் பின்னாடி குத்துதுன்னு சொன்னா, "காத்து அடிச்சிருக்கும், பஞ்சு வை"ங்கிறாங்க வீட்டு ஆம்பளைங்க. சுமந்தது கழுத்துன்னு ஒத்துக்கிட்டா குடத்தைப் பங்கு போடணுமே! அதான் பழி காது மேல.

கழுத்தைத் திருப்பினா வலி கூடுதா? சீழ் இல்லையா? காது நல்லாத்தான் கேக்குதா? அப்ப சந்தேகம் கழுத்து மேல போகணும். டாக்டர் காது சுத்தமா இருக்குன்னு சொன்னதும் எழுந்து வந்துடக் கூடாது. கழுத்து, பல், தாடை மூட்டு, தொண்டை எல்லாத்தையும் பார்க்கச் சொல்லிக் கேக்கணும். புகையிலை போடுறவங்களுக்கு வாரக்கணக்குல ஒரு பக்கக் காது வலிச்சா, தொண்டையில புற்று இருக்கான்னு கண்டிப்பா பார்த்தாகணும்.

கழுத்துதான்னு தெரிஞ்சதும் சலூன்ல நெட்டி முறிக்க ஓடுறது அடுத்த கொடுமை. கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வந்தவங்க இருக்காங்க சாமி.

2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல இயன்முறை சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருது. ஆனா வந்து கேக்குறவங்ககிட்ட "காது வலி"ன்னு மட்டும் சொன்னா, கழுத்துக்கு யார் வரப்போறா?