மாரி வெள்ளமும் எங்கள் மதகும்



கார்த்திகை பிறந்து வானம் இருண்டால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நித்திரை குறைந்துவிடும். இரணைமடு வான் பாய்கிறதா என்று ஒருவரையொருவர் கேட்போம். கூரைத் தகரத்தின் மேல் கல் ஏற்றுவோம். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம் எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றி உயரத்தில் வைப்போம். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பழகிய பழக்கம் அது. இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை.

நான் இருப்பது கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு சிறிய கிராமம். எங்கள் ஒழுங்கையில் பதினொரு குடும்பங்கள். அவற்றில் ஐந்து குடும்பங்களைப் பெண்களே தனித்துச் சுமக்கிறார்கள். ஒழுங்கையோரமாக ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அது பெரிய வீதியின் கீழுள்ள மதகு வழியாகப் போய் வயலில் விழவேண்டும். ஆனால் வாய்க்கால் மண்ணும் பற்றையும் மூடிக் கிடந்தது. மதகோ மிகவும் ஒடுக்கம்.

2018 டிசெம்பர் 21ஆம் திகதி இரவை மறக்க முடியாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டங்களிலும் வெள்ளம் புகுந்த இரவு அது. எங்கள் முற்றத்தில் இடுப்பளவு தண்ணீர். மூன்றாம் வீட்டு அக்காவுக்கு இறுதி யுத்தத்தில் ஒரு கால் போனது. பொய்க்காலைத் தண்ணீருக்குள் ஊன்ற முடியாமல் கட்டிலின் மேல் இருந்தார். "ஷெல்லடிக்குள்ளையும் ஓடினனான். இண்டைக்குத் தண்ணிக்கு ஓட ஏலாமல் கிடக்கு பிள்ளை" என்று அழுதார். பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, நான்கு பேர் தூக்கித்தான் பாடசாலைக்குக் கொண்டுபோனோம். வாசலில் வைத்து, "இதென்ன, இன்னொரு முகாமோ?" என்று கேட்டார். முகாம் என்ற சொல் எங்களுக்கு என்ன செய்யும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதன்பின் ஒவ்வொரு மாரிக்கும் முன்பு பிரதேச சபையின் உப அலுவலகத்துக்குப் போய் மதகைப் பற்றிச் சொன்னேன். "பாப்பம் அம்மா" என்பார்கள். நானும் திரும்பி வந்துவிடுவேன். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் பிற்போடப்பட்டதால் 2025 மே 6ஆம் திகதி வரை தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்களே இருக்கவில்லை. சொல்வதற்கும் ஆளில்லாமல் போயிற்று.

புதிய சபை வந்தபோது எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் இந்தக் கதையை எடுத்தேன். செயலாளராக இருக்கும் தங்கச்சி, "அக்கா, இவ்வளவு வருசமும் ஒரு கடிதமாவது குடுத்தனீங்களோ?" என்று கேட்டா. எனக்கு வாயடைத்துப் போயிற்று. வாயால் சொன்னதற்கு எந்தப் பதிவும் இல்லை. சபையில் குறை இருந்தது உண்மை. ஆனால் என்னிலும் குறை இருந்தது.

விசாரித்துப் பார்த்தபோது இன்னொன்றும் விளங்கியது. ஒழுங்கையும் வாய்க்காலும் பிரதேச சபைக்குரியவை. மதகு இருக்கும் பெரிய வீதி மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியது. தண்ணீர் போய் விழும் வயல் வாய்க்கால் கமநல சேவை நிலையத்தின் பொறுப்பு. ஓடுவது ஒரே தண்ணீர், ஆனால் பொறுப்பு மூன்று இடத்தில். நான் ஒரே இடத்தில் போய் நின்றுகொண்டிருந்தேன்.

ஆவணி மாதம் மூன்று கடிதங்கள் எழுதினோம். இடம், பாதிக்கப்படும் குடும்பங்களின் தொகை, நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் எத்தனை பேர் என்று எழுதி, பதினொரு வீட்டாரும் கையொப்பமிட்டோம். ஒவ்வொன்றிலும் பிரதி எடுத்து, கிடைத்த திகதியுடன் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டோம்.

எங்கள் வட்டாரத்துக்கு ஒரு பெண் உறுப்பினர் இருக்கிறார். 2018க்கு முன்னர் இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் பெண்கள் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் நூற்றுக்கு 25 இடம் பெண்களுக்கு என்று வைத்தபின்தான் 2018 தேர்தலில் நிலைமை மாறியது. அவரிடம் பிரதியைக் கொடுத்தோம். மாதாந்தக் கூட்டத்தில் அவர் எங்கள் விடயத்தைப் பேசிய அன்று, அறிவித்து அனுமதி பெற்று, நாங்கள் நான்கு பேர் பின்னால் இருந்து கேட்டோம். பத்து நிமிடங்கூட எடுக்கவில்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையின் பெயர் அந்த மண்டபத்தில் சொல்லப்பட்டபோது என் கண் கலங்கியது.

புரட்டாதி முடிவில் பெக்கோ இயந்திரம் வந்து வாய்க்காலைத் துப்புரவாக்கியது. நவம்பர் கடைசியில் நாடு முழுவதையும் உலுக்கிய டித்வா புயல் வந்தது. ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. அடுத்த நாள் மத்தியானத்துக்குள் வடிந்துவிட்டது. அக்காவின் வீட்டுப் படியை அது தாண்டவில்லை. மலைநாட்டில் மண்சரிவில் வீட்டோடு புதைந்துபோன உறவுகளை நினைக்கும்போது இதைப் பெரிதாகச் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் அக்கா அன்றிரவு தன் வீட்டிலேயே படுத்தார்.

மதகு இன்னும் ஒடுக்கமாகத்தான் இருக்கிறது. "கவனத்தில் எடுக்கப்படும்" என்று ஒரு பதில் கடிதம் வந்திருக்கிறது. அதுவும் கோவையில் இருக்கிறது. நாங்கள் விடப்போவதில்லை.

சகோதரிகளே, உங்கள் ஊருக்கும் உதவும் என்பதால் சிலவற்றை இங்கே தருகிறேன்.

ஒழுங்கை, உள்ளூர் வடிகால், தெருவிளக்கு, குப்பை அகற்றல், பொதுக்கிணறு என்பவற்றுக்குப் பிரதேச சபை. வெள்ள நிவாரணம், சமைத்த உணவு, வீட்டுச் சேத விபரம் என்பவற்றுக்கு விதானையாரும் பிரதேச செயலகமும். பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களம், சிறு குளங்களுக்குக் கமநல சேவை நிலையம். அனர்த்த அவசரத்துக்கு 117.

அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டம் வழக்கமாகக் கார்த்திகை, மார்கழியில்தான் சபைகளில் வாக்கெடுப்புக்கு வரும். ஆகவே மழைக்கு முன்பே உங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் கிணற்றைப் பாருங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்துக் குளோரின் இடச் செய்யுங்கள். அதுவரை கொதித்தாறிய நீரையே குடியுங்கள். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. வெள்ளத்திலோ வயலிலோ இறங்கியவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் கைமருந்தோடு இருக்கவேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று. வெள்ளம் மண்ணை அரித்துப் பழைய வெடிபொருட்களை வெளியே கொண்டுவரும். பழைய இரும்பு பொறுக்கப் போகும் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தொடவேண்டாம், கல் எறியவேண்டாம். வந்த வழியே திரும்பி வந்து 119க்கு அறிவிக்கவேண்டும்.

பாடசாலையில் தங்கவேண்டி வந்தால் பெண்களுக்குத் தனி மலசலகூடமும் இரவில் வெளிச்சமும் வேண்டுமென்று இப்போதே விதானையாரிடம் கேட்டு வையுங்கள். வெள்ளம் வந்தபின் கேட்க நேரமிருக்காது.

எங்கள் அக்கா இப்போது மாதர் சங்கத்தின் கடிதக் கோவையைத் தன் வீட்டில் வைத்துப் பாதுகாக்கிறார். "ஓட ஏலாதுதான், எழுதலாம்தானே" என்கிறார். உங்கள் ஒழுங்கையிலும் ஒரு மதகு இருக்கும். அதைப் பற்றி ஒரு கடிதம் எழுதுங்கள். பிரதி எடுக்க மறவாதீர்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.