அயலாரின் சம்மதம்

சென்ற வாரம் ஒரு மாலைப்பொழுதில், எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்து, கட்டாரில் பதினோர் ஆண்டுகள் உழைத்து, கையில் ஓரளவு பணத்தோடு ஊர் திரும்பியிருக்கும் பிள்ளையொருவர் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்து, விண்ணப்பமொன்றைத் திருத்தமாக எழுதித் தரும்படி கேட்டார். “கடையொண்டு போடப்போறன் மாமா, பெரிசா இல்ல, ஆறு மேசை, நல்ல மீன் பொரியல், சத்தம் சண்டை ஒண்டும் இல்லாம,” என்றார். என்ன கடை என்று கேட்டபோது சற்றே தலைகுனிந்து, மதுபானசாலை என்றார்.

அவர் நல்ல பிள்ளை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆகவே அவருடைய முயற்சிக்கு என்னென்ன வேண்டும் என்பதை இருவருமாக இருந்து ஆலோசித்தோம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டமே திருத்தங்களோடு இன்றும் ஆட்சி செய்வதால், மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பிரதேச செயலகத்துக்கும் பொலிசுக்கும் சுகாதாரப் பரிசோதகருக்கும் நடையாய் நடக்க வேண்டும். பெற்ற அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். போயா தினங்களில் கதவைச் சாத்த வேண்டும். இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு ஒரு துளியும் விற்கலாகாது. பணமும் பொறுமையும் உள்ளவருக்கு இவையெல்லாம் ஆகாத காரியங்களல்ல. ஆனால் இவற்றுள் எதிலும் அடங்காத ஒன்று எஞ்சியிருக்கிறது என்று என் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல்லொன்றைத் தவறணையென்று நம்முடையதாக்கிக்கொண்ட நாம், அந்தப் பழைய கள்ளுத் தவறணை எவ்வாறு நடந்தது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். விடிவதற்கு முன்பே காலில் தளைநாரோடு தென்னையில் ஏறி, நாரால் இறுகக் கட்டிய பாளையை மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, அதன் நுனியை வெற்றிலை நரம்பளவு மெல்லியதாகச் சீவி, முட்டியைக் கவிழாமல் கட்டிவிட்டு இறங்கும் சீவற்காரர், பொழுது சாய மீண்டும் அதே மரத்தில் ஏறுவார். மழையென்றும் காய்ச்சலென்றும் அவர் ஏறாதிருந்தால் பாளை காய்ந்துபோகும். இவ்வளவு பிரயாசையால் இறங்கிய கள் மறுநாள் வரை காத்திருக்காது; புளித்துக் காடியாகும். ஆகவே இன்றைய கள்ளை இன்றே விற்க வேண்டும். மரம் தந்ததற்கு மேல் ஒரு போத்தலும் விற்க முடியாது. தவறணையின் அளவை மரமே நிர்ணயித்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி நம் கரையோரத்துத் தென்னந்தோப்புகளை முறித்து வீழ்த்தியபோது, அவற்றை நம்பியிருந்த சீவற்காரரின் ஜீவனோபாயமும் கூடவே வீழ்ந்தது.

போத்தலில் அடைத்த மதுவுக்கோ அத்தகைய எல்லை கிடையாது. அது புளிப்பதில்லை, லொறியில் எத்தனை பெட்டியும் வரும், எந்த இரவுக்கும் போதும். இயற்கை இட்ட எல்லை நீங்கிய இடத்தில் மனிதர் ஓர் எல்லையை இட்டாக வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

அதை முன்னோர் அறிந்திருந்தார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் சாராயக் குத்தகை ஏலத்தில் அதிக விலை கேட்டவருக்கே போனதால், கட்டிய பணத்தை மீட்க அவர் மேலும் மேலும் விற்க வேண்டியதாயிற்று; மதுவின் கேட்டைக் கண்டு 1904இலும் 1912இலும் இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் பெருகி எழுந்தது. பின்னர், ஒரு பகுதியில் தவறணை இருக்கலாமா கூடாதா என்பதை அப்பகுதி மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கும் முறையும் வந்து, அவ்வாக்கெடுப்புகளால் பல தவறணைகள் மூடப்பட்டன. கேட்க வேண்டியவர்களைக் கேட்ட அந்த முறை இன்று நம் நினைவிலும் இல்லை. 2017இல் கல்குடாவில் எரிசாராயத் தொழிற்சாலை எழும்பியபோது மக்கள் வீதியில் இறங்கியே தம் மறுப்பைச் சொல்ல நேர்ந்தது. 2024இல் நாடெங்கும் 360க்கு மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்ட விபரமோ, அவ்வாண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில்தான் வெளியாயிற்று.

இவற்றை எண்ணி அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்: “எழுதித் தாறன் மனே. அதுக்கு முதல் நம்மட தெருவில வீடு வீடாப் போய்க் கேட்டுப் பாரும். ஆம்பிளையளிட்டக் கேளாதயும், அடுப்படியில நிக்கிறவளிட்டக் கேளும்.” வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வெள்ளாண்மை வெட்டிய கூலியும், வாவியில் விடிய விடிய வலை வீசிய கூலியும் வீடு வந்து சேரும் வழியில் எங்கே தங்கிப்போகும் என்பதை அவளைக் காட்டிலும் நிச்சயமாக அறிந்தவர் எவருமில்லை.

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்; மூன்றாம் நாள் திரும்பி வந்தார். பலர் முகம் திருப்பினார்களாம். சிலர் கதவே திறக்கவில்லையாம். சந்தியில் இறால் கூறு வைத்து விற்கும் மூதாட்டி மாத்திரம் அவரைப் பலகையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, மூன்று வார்த்தைகள் சொல்லியிருக்கிறார்: பள்ளிக்கூடம் போகும் ஒழுங்கையில் வேண்டாம், இரவு எட்டு மணிக்கு மேல் வேண்டாம், எல்லாவற்றிலும் மேலாக, “கடனுக்கு மட்டும் குடுத்திராத மனே.” கடன் கொப்பியில் ஏறிய கணக்குக்காகத் தம் தாலிக்கொடியை அடைவு வைத்த கதையையும் அப்போது சொல்லி அழுதாராம்.

அந்தப் பிள்ளை பார்த்து வைத்திருந்த இடமோ அந்த ஒழுங்கையிலேயே இருக்கிறது. வேறிடம் தேடிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். அல்லது வேறு தொழிலே தேடுவாரோ, தெரியாது. விண்ணப்பத்தாள் என் மேசையில் வெறுமையாகவே கிடக்கிறது. மூதாட்டியின் அந்த மூன்று வார்த்தைகளையும் அதன் முதல் பந்தியில் எழுத அவர் சம்மதித்தால், மிகுதியை நான் மனமார எழுதிக்கொடுப்பேன்.